தாகமா, வேட்கையா?

மொழியிலே சில சொற்களைப் புலவர் ஆக்குகின்றனர். சிலவற்றை அரசர் ஆக்குகின்றனர். வேறு சிலவற்றை வணிகரும் துறவிகளும் கொண்டுவந்து சேர்க்கின்றனர். ஆனால் பசி, உறக்கம், நோவு என்பன போன்ற சொற்களை ஆக்கியது உடல். அவற்றுக்கு ஏடு வேண்டா, எழுத்து வேண்டா. வயிறும் கண்ணும் நாவும் உள்ள உயிர் அனைத்துக்கும் அவை பொது. நா வறண்டவன் நீரை நாடும் நிலையைக் குறிக்கும் சொல்லும் அந்த வரிசையைச் சேர்ந்ததே.

இன்று நாம் அதைத் ‘தாகம்’ என்கிறோம். குடிசையிலும் கூடத்திலும் வழங்கும் சொல் அது. எளிய சொல், ஆயினும் அதன் வரலாறு எளியதன்று. அச்சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் தமிழன் எதைக் கொண்டு அந்நிலையைச் சொன்னான், அச்சொல்லைச் சொல்லித் தண்ணீர் கேட்டவனுக்கு இந்நாடு என்ன விடையளித்தது என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இலக்கண ஆராய்ச்சியாகத் தொடங்குவது சமுதாய ஆராய்ச்சியாக முடிவதைக் காணலாம்.

எரிச்சலும் விருப்பமும்

‘தாகம்’ வடசொல். ‘தாஹ’ என்பது அதன் மூலம். ‘எரித்தல்’ என்னும் பொருள் தரும் ‘தஹ்’ என்ற வேரிலிருந்து பிறந்தது. பிணத்தை எரிப்பதைத் ‘தகனம்’ என்கிறோமே, அதுவும் அதே வேரில் முளைத்ததுதான். உடலுக்குள் காணும் எரிச்சலை வடமொழி மருத்துவ நூல்கள் ‘தாஹம்’ என்றன. தமிழிலோ அச்சொல் நீர் நாடும் நிலைக்கே பெயராகி நிலைத்தது. தெலுங்கிலும் மலையாளத்திலும் அதுவே வழங்குகிறது.

இதிலே ஒரு வியப்பு உண்டு. வடமொழியிலே நீர் நாடும் நிலைக்குச் சிறப்பாக வழங்கிய சொற்கள் வேறு. ஒன்று ‘திருஷ்ணா’, வறளுதல் என்பது அதன் அடிப்பொருள். ஆங்கிலத்தில் ‘தர்ஸ்ட்’ என்றும் செருமானிய மொழியில் ‘துர்ஸ்ட்’ என்றும் வழங்குபவை அதன் உடன்பிறப்புகள். மற்றொன்று ‘பிபாசா’, ‘குடிக்க விரும்புதல்’ என்பதே அதன் நேர்ப்பொருள். இவ்விரண்டையும் விட்டுவிட்டு, எரிச்சலைக் குறிக்கும் மூன்றாவது சொல்லைத் தமிழ் வாங்கிக்கொண்டது.

கன்னடத்தார் என்ன சொல்கின்றனர்? ‘பாயாரிகெ’ என்கின்றனர். ‘பாய்’ என்பது வாய். வாய் வறண்டுபோதல் என்பது பொருள். ‘நீரடிகெ’ என்றும் சொல்வதுண்டு. தெலுங்கிலே ‘தப்பிக’ என்ற சொல் ‘தாஹ’த்தோடு கூடவே வாழ்கிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலே ‘தண்ணீர் தவிக்கிறது’ என்பர். யாழ்ப்பாணத்தார் ‘தண்ணீர் விடாய்’ என்பர். ‘விடாய்’ என்பதிலே களைப்பும் கலந்திருக்கிறது. வெயிலில் உழைத்துக் களைத்தவனின் சொல் அது. நிழலில் அமர்ந்து நெய்ச்சோறு உண்டவனுக்கு அது தேவைப்பட்டிராது!

பழந்தமிழன் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்திருந்த சொல் ‘வேட்கை’. நீர்வேட்கை என்றால் நீர்மேல் எழும் விருப்பம். ‘வேள்’ என்பது அதன் வேர். இந்த வேரின் கிளைகளைப் பாருங்கள்: வேட்டல், வேள்வி, வேட்பு, வேண்டல், வேண்டும்! நாள்தோறும் நூறு முறை சொல்லும் ‘வேண்டும்’ என்ற சொல்லும் வேட்கையும் ஒரு குடும்பத்தவை. மணம் செய்துகொள்வதும் வேட்டலே, காதலும் வேட்கையே. தொல்காப்பியர் களவியலிலே காதலின் நிலைகளை அடுக்கும்போது முதலில் வைப்பது வேட்கையைத்தான். ‘வேட்கை’யும் ‘அவா’வும் சேர்ந்தால் செய்யுளில் ‘வேணவா’ என்றாகும் என்று அவர் எழுத்ததிகாரத்தில் தனி விதியே செய்தார். அந்த அளவுக்கு வாழ்ந்த சொல் அது.

இரண்டு சொற்களும் ஒரே நிலையைக் குறித்தாலும் குறிக்கும் முறை வேறு. ‘தாகம்’ என்பது உடலுக்கு நேர்வது. எரிச்சல் வந்தது, எரிகிறது, அவ்வளவே. ‘வேட்கை’ என்பது மனிதன் நாடுவது. தாகமுற்றவன் வருந்துகிறான், வேட்கை கொண்டவன் வேண்டுகிறான். முன்னதற்கு இரக்கம் காட்டினால் போதும் என்று பிறர் நினைக்கலாம். பின்னதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இங்கே மருத்துவ அறிவியலையும் ஒரு சொல் கேட்டுவிடலாம். வளர்ந்த மனிதனின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தண்ணீர். குருதியின் உப்புச் செறிவு ஓரிரு விழுக்காடு உயர்ந்தாலே போதும், மூளையின் அடிப்புறத்தில் உள்ள ‘ஹைப்போதலாமஸ்’ என்ற சிறு பகுதி அதை உணர்ந்துகொள்கிறது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும்படி அங்கிருந்து ஒரு சுரப்பு நீர் செல்கிறது; ‘குடி’ என்ற உந்துதல் எழுகிறது. அந்தச் சிறு பகுதி அக்கிரகாரத்தில் பிறந்தவனின் தலையில் ஒருவிதமாகவும் சேரியில் பிறந்தவனின் தலையில் வேறுவிதமாகவும் வேலை செய்வதில்லை. பிரமனின் முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவன் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் இருந்து பார்க்கட்டும். எந்த உறுப்பில் பிறந்தாலும் முடிவு ஒன்றே என்பது விளங்கும்.

வாசலில் வந்து கேட்டவன்

பழைய நூல்களிலே இச்சொல் எப்படி வழங்கிற்று?

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலே, கபிலர் பாடியதாக வரும் 51ஆம் பாட்டை அறியாத தமிழ் மாணவர் குறைவு. சிறுவயதிலே மணல்வீட்டைக் காலால் சிதைத்துவிட்டு ஓடிய குறும்பன், வளர்ந்தபின் ஒருநாள் தலைவியின் வீட்டு வாசலில் வந்து நின்று, உண்ணுநீர் வேட்டு வந்ததாகச் சொல்கிறான். ‘வேட்டேன்’ என்பதே அவன் வாயில் வரும் வினை. தாய் உடனே மகளை அழைத்து, பொற்கலத்திலே நீர் ஊட்டிவரச் சொல்கிறாள். அவன் நீரை வாங்குவதுபோல அவள் கையைப் பற்றியதும், அவள் கூவியதும், தாய் ஓடிவந்தபோது நீர் குடிக்கையில் விக்கினான் என்று மறைத்ததும் காதல் நாடகம், சுவைத்து மகிழ்வோம். ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியவர் தாய். வாசலில் ஒருவன் நீர் கேட்கிறான். அவள் எதையும் கேட்கவில்லை. இன்ன குலமா, இன்ன தெருவா என்ற விசாரணை இல்லை. எந்தக் கலத்தில் ஊற்றுவது என்ற தடுமாற்றம் இல்லை. வீட்டில் உள்ள சிறந்த கலத்தையே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாள். நீர் கேட்டவனுக்கு நீர் கொடுப்பது அவ்வீட்டின் இயல்பு.

பாலைப் பாட்டுகளிலே நீர்வேட்கை வேறொரு பாடம் கற்பிக்கிறது. கலித்தொகையிலே வருகிறது ஒரு யானைக் குடும்பம். கன்று கலக்கிவிட்ட சிறிதளவு நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிவிட்டுப் பின்னரே களிறு உண்கிறது. ஐந்திணை ஐம்பதிலே ஒரு மான். சுனையில் இருக்கும் நீர் இருவருக்குப் போதாது என்று கண்ட கலை, குடிப்பதுபோல நடித்துத் தன் பிணையைக் குடிக்கச் செய்கிறது. விலங்கின் மேல் ஏற்றிச் சொன்ன மனித அறம் இது. நீர் குறைந்த இடத்தில் யார் முதலில் குடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, வலியவன் என்று அப்புலவர்கள் விடை சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்திலே மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலன் நீர்வேட்கையால் ஒரு பொய்கைக் கரைக்குச் செல்கிறான். அங்கும் வேட்கை என்பதே சொல். மணிமேகலையிலே அதே சொல் வேறொரு பளுவைச் சுமக்கிறது. பௌத்தர் கூறும் பன்னிரு சார்புகளிலே நுகர்வுக்கும் பற்றுக்கும் இடையே நிற்பது வேட்கை. பாலி மொழியின் ‘தண்ஹா’வுக்கு, அதாவது வடமொழித் ‘திருஷ்ணா’வுக்கு, சாத்தனார் கொடுத்த தமிழ் அது.

‘வேட்கையை அறு’ என்ற அந்த அறவுரையைப் பிற்காலத்து மடங்களும் பீடங்களும் எடுத்துக்கொண்டன. ஏழை எதைக் கேட்டாலும் ‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்’ என்று விடை கூறின. ஆனால் புத்தர் அப்படிப் பேசியவரா? அவரது இறுதி நாட்களைக் கூறும் பாலி நூலிலே, குசிநகரம் செல்லும் வழியில் நோயுற்ற அவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து, ஆனந்தரிடம் தண்ணீர் கேட்கிறார். வண்டிகள் கடந்ததால் ஓடை கலங்கியிருக்கிறது என்று ஆனந்தர் தயங்க, மூன்று முறை கேட்கிறார். அங்கே அவர் வாயில் வரும் சொல் ‘தண்ஹா’வைச் சேர்ந்ததன்று, ‘பிபாசா’வைச் சேர்ந்தது. பேராசை வேறு, குடிக்க நீர் வேண்டுவது வேறு என்பதை அந்த மொழியே பிரித்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கியது பின்வந்தவர் செய்த வேலை.

அதே ஆனந்தரைப் பற்றிப் பௌத்தக் கதை நூலான திவ்யாவதானத்திலே இன்னொரு செய்தி உண்டு. கிணற்றடியில் நின்ற மாதங்கப் பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்கிறார். தான் சண்டாளப் பெண் என்று அவள் தயங்குகிறாள். உன் குலத்தை நான் கேட்கவில்லை, தண்ணீரைத்தான் கேட்டேன் என்கிறார் அவர். இக்கதையைத்தான் குமாரன் ஆசான் 1922இல் ‘சண்டால பிக்ஷுகி’யாக மலையாளத்தில் பாடினார், இரவீந்திரநாத் தாகூர் 1933இல் ‘சண்டாலிகா’ என்ற நாடகமாக வங்கத்தில் எழுதினார். கிறித்தவ வேதத்திலும் இதற்கு இணையான காட்சி உண்டு. யூதர் தீண்டாத சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியிலே ஏசுநாதர் தண்ணீர் கேட்கிறார். நீர் யூதராயிருந்தும் என்னிடம் கேட்கலாமா என்று அவள் வியக்கிறாள். நாடு வேறு, நூல் வேறு. கிணற்றடியும் கேள்வியும் ஒன்றே!

கையிலிருந்தும் குடியாத நீர்

நீர்வேட்கையும் தன்மானமும் மோதிக்கொண்ட இடம் ஒன்று புறநானூற்றிலே உண்டு. அது 74ஆம் பாட்டு. சோழன் செங்கணானிடம் போரில் தோற்றுப் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயில் கோட்டத்துச் சிறையிலே கிடக்கிறான். தண்ணீர் கேட்கிறான். காவலர் உடனே தரவில்லை. காலந்தாழ்த்திக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடியாமல், பாட்டைச் சொல்லிவிட்டு உயிர் துறந்தான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. நாயைப் போலக் கட்டி வைத்தவரிடத்திலே, வயிற்றுத் தீயைத் தணிக்க நீரை இரந்து உண்ணவோ பெற்றோர் பெற்றனர் என்பது அவன் நெஞ்சின் குமுறல்.

கவனியுங்கள்: நீர்வேட்கையைத் தீ என்றுரைக்கத் தமிழனுக்கும் தெரிந்திருந்தது. ‘தாகம்’ வந்து கற்பித்ததன்று அது. ஆனால் அந்தத் தீயினும் கொடியது இரந்து குடிக்கும் இழிவு என்று அவன் கருதினான். வள்ளுவர் இரவச்சத்தில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தன் வாய்க்கன்று, பசுவின் வாய்க்கு நீர் என்று கேட்டாலும், இரத்தலைப் போல நாவுக்கு இழிவு தருவது வேறில்லை என்பது 1066ஆம் குறளின் கருத்து.

சேரமானின் மானத்தைப் போற்றுகிறோம், போற்றுதற்குரியதே. ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். அவன் அரசன், ஒருநாள், ஒருமுறை, ஒரு கலம் நீருக்காகக் காத்திருந்தான். அதற்குப் பாட்டு உண்டு, அடிக்குறிப்பு உண்டு, 2000 ஆண்டுக்குப் பின்னும் அதைப் பேசும் பள்ளிக்கூடம் உண்டு. கிணற்றடியிலே குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தொலைவில் ஒதுங்கி நின்று, யாராவது இரங்கி ஊற்ற மாட்டார்களா என்று தலைமுறை தலைமுறையாகக் காத்து நின்றார்களே தாய்மார்கள், அவர்கள் பாட்டு எங்கே? அவர்களுக்கு அடிக்குறிப்பு எழுதியவர் யார்? கணைக்கால் இரும்பொறை நீரைக் குடிக்காமல் மானத்தைக் காத்தான். பிள்ளைகளை வீட்டிலே விட்டு வந்த தாய்க்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. அவள் நீரைக் கொண்டுபோயாக வேண்டும். இரத்தல் நாவுக்கு இழிவென்றால், அந்த இழிவு கேட்ட நாவைச் சேர்ந்ததா, கேட்கும்படி வைத்த சமுதாயத்தைச் சேர்ந்ததா?

சங்க நூல்களிலே எல்லாம் சமத்துவம் என்று நாம் சொல்லிக்கொள்ளவும் இயலாது. இழிசினன், இழிபிறப்பாளன் என்ற சொற்கள் புறநானூற்றிலேயே உள்ளன. பின்னர் வந்த மனுநீதி, சண்டாளர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்றும், அவர் பயன்படுத்திய கலம் பிறர்க்கு ஆகாது என்றும் 10ஆம் அத்தியாயத்திலே விதித்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலே ‘பறைச்சேரி’யும் ‘தீண்டாச்சேரி’யும் வந்துவிட்டன. அதே சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்தியும், அங்கு நீர் வார்ப்பவருக்கு ஊதியம் வைத்த செய்தியும் உள்ளன. நல்ல அறந்தான். ஆனால் வழியெல்லாம் பந்தல் வைத்த ஊர், வாழ்நாளெல்லாம் உடனிருந்து உழுதவனைக் கிணற்றில் இறங்க விட்டதா? வழிப்போக்கனுக்கு நீர் வார்ப்பது புண்ணியம். ஊரிலே இருப்பவன் குடத்தைத் தோய்ப்பது தீட்டு! ‘தாகசாந்தி’ என்ற இனிய சொல்லின் மறுபக்கம் இதுதான். சாந்தி செய்வது கொடுப்பவனின் பெருமை. பெறுபவனுக்கு அதிலே உரிமை ஏதும் இல்லை.

மகத்துக் குளம்

இரக்கத்தை உரிமையாக மாற்றிய நாள் 1927ஆம் ஆண்டு மார்ச் 20. இடம் மராட்டியத்தின் கொங்கணப் பகுதியிலுள்ள மகத்.

அங்கே சவதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். பிற மதத்தவர் நீர் எடுக்கலாம், கால்நடை குடிக்கலாம், தீண்டப்படாதார் மட்டும் கூடாது. பம்பாய்ச் சட்டமன்றத்திலே 1923ஆம் ஆண்டு எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தால் அமைந்த கிணறு குளங்கள் எல்லார்க்கும் உரியவை என்றது. மகத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றது. ஏட்டிலே ஏற்றது, கரையிலே ஏற்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் அங்கே மாநாடு கூட்டினார். மறுநாள் மக்கள் அணிவகுத்துக் குளத்துக்குச் சென்றனர். அம்பேத்கர் இறங்கி நீரை அள்ளிப் பருகினார், மற்றவரும் பருகினர். கோயிலுக்குள்ளும் நுழையப் போகின்றனர் என்று வதந்தி கிளப்பி, திரும்பிக்கொண்டிருந்தவர்களைச் சாதி இந்துக்கள் தடிகொண்டு தாக்கினர். பின்னர் 108 குடம் சாணம், கோமூத்திரம், பால், தயிர் கொட்டிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். குடிக்கும் நீரிலே சாணத்தைக் கரைத்தால் தூய்மை. மனிதன் கைபட்டால் மாசு! பகுத்தறிவுக்கு இதைவிட நேரான அறைகூவல் வேறுண்டோ?

அவ்வாண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பர் 25 அன்று இரண்டாவது மாநாட்டில் மனுநீதி தீயிடப்பட்டது. அந்தக் குளத்து நீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக அங்குச் செல்லவில்லை, மற்றவரைப் போல நாங்களும் மனிதர் என்பதை நிறுவவே செல்கிறோம் என்ற கருத்தில் அம்பேத்கர் அம்மாநாட்டில் பேசினார். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீண்டப்படாதார் பக்கம் தீர்ப்பளித்தது.

அவருக்கு நீர்வேட்கை என்பது நூலில் படித்த செய்தியன்று. பள்ளியிலே குழாயை அவர் தொடக்கூடாது; பணியாள் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். 1901இல் சிறுவனாகத் தந்தையைக் காண மாட்டுவண்டியில் சென்றபோது, கையிலே உணவு இருந்தும், குடிக்க நீர் தருவார் இன்றி, இரவு உண்ணாமல் கிடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிறுவனின் வறண்ட நாவுக்கும் சவதார் குளத்துக்கும் இடையே 26 ஆண்டுகள். வேட்கை உரிமைக் குரலாக வளர அவ்வளவு காலம் பிடித்தது.

சட்டம் வந்த வழி

தமிழ்நாட்டிலே என்ன நடந்தது? 1924இல் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தும் உரிமையை நிலைநாட்டியது. எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டவரைவு, 1938இல் சிவில் தகுதிக்கேடுகளை நீக்கும் சட்டமாயிற்று. தொடர்வண்டி நிலையங்களின் உணவகங்களிலே பார்ப்பனர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரும் அவர் இயக்கமும் எழுப்பிய எதிர்ப்பால் 1941இல் ஒழிந்தது. வடநாட்டு நிலையங்களிலே ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று கூவி விற்ற காலம் அது. தண்ணீருக்கும் பூணூல் போட்டார்கள், குல்லாய் வைத்தார்கள்!

1950ஆம் ஆண்டு சனவரி 26 முதல் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தால் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி, மதம் காட்டி யாரையும் தடுக்கலாகாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீரை அழுக்காக்குவதைத் தனிக் குற்றமாகவே பெயரிட்டுக் கூறியது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்திலே இப்படி ஒரு விதி எழுத நேர்ந்ததென்றால், அந்நாட்டுக் கிணறுகளின் கதையை அது ஒன்றே சொல்லிவிடும்.

இது இந்நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்கத் தென் மாநிலங்களிலே வெள்ளையர்க்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பர்க்கு ஒரு குழாய் என்று பலகை தொங்கிற்று. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதை அகற்றியது. 2010 சூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, தூய குடிநீரை மனித உரிமை என்று அறிவித்தது. வாசலில் நின்று ‘வேட்டேன்’ என்றவனுக்கு ஒரு தாய் அன்றே ஒப்புக்கொண்ட உரிமை, உலக மன்றத்தின் தீர்மானமாக வருவதற்கு இத்தனை நூற்றாண்டு ஆயிற்று.

மேடைக்கு வந்த சொல்

இனிச் சொல்லுக்குத் திரும்புவோம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கத்தின் மேடையும் ஏடும், வழக்கிழந்த தமிழ்ச் சொற்கள் பலவற்றை உயிர்ப்பித்தன. ‘சுதந்திர தாகம்’ என்றிருந்தது ‘விடுதலை வேட்கை’ ஆயிற்று. ‘ஞான தாகம்’ ‘அறிவு வேட்கை’ ஆயிற்று. நல்ல பணி, மறுக்க முடியாத பணி.

ஆனால் விளைவைப் பாருங்கள். இன்று ‘வேட்கை’ என்றால் விடுதலை நினைவுக்கு வருகிறது, அறிவு நினைவுக்கு வருகிறது, ஆட்சி நினைவுக்கு வருகிறது. தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை. நா வறண்ட உழவன் இன்றும் ‘தாகம்’ என்றோ ‘தண்ணீர் தவிக்கிறது’ என்றோதான் சொல்கிறான். வேட்கை மேடை ஏறிற்று. வறண்ட நா தரையிலேயே நின்றுவிட்டது. சொல்லை மீட்டோம், சொல்லுக்குள் இருந்த தண்ணீரை மீட்டோமா?

‘தாகம்’ என்ற சொல்லைத் துரத்த வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. பல நூற்றாண்டாகப் பாமரர் வாயில் பழகிய சொல் அது. அதைச் சொன்னதற்காக எவரும் தமிழராகாமல் போய்விடவில்லை. நீர்வேட்கை என்று தூய தமிழில் கேட்டால் மட்டும் கிணறு திறந்துவிட்டதா? கதவை அடைத்தவனில் வடமொழி ஓதியவனும் உண்டு, தேவாரம் பாடியவனும் உண்டு, தமிழ் எங்கள் உயிர் என்று முழங்கியவனும் உண்டு. தனித்தமிழ் பேசிக்கொண்டே தனிக்குவளை வைக்க முடியும்; வைத்தும் இருக்கிறார்கள்.

2022 டிசம்பர் இறுதியிலே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் நிகழ்ந்ததை எவர் மறக்க முடியும்? பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டி நீரிலே மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பின்னர் தெரியவந்தது. செய்தவர் யார் என்பது வழக்குமன்றத்தின் பொருள். அதைப் பார்வையிடச் சென்ற மாவட்ட ஆட்சியரின் கண்ணில் பட்டது மற்றொன்று. அவ்வூர்ப் பகுதித் தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை இருந்தது. கோயிலுக்குள் அம்மக்களுக்கு இடமில்லாதிருந்தது. மகத் குளத்துக்கு 95 ஆண்டுக்குப் பின், பெரியார் பிறந்த மண்ணில்!

மற்றொரு வேலியும் முளைத்திருக்கிறது. 2019 கோடையிலே சென்னையின் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. காசுள்ளவன் வாசலிலே லாரி நின்றது. காசில்லாதவள் குடத்தோடு தெருவிலே நின்றாள். சாதி காத்த கிணற்றைப் பணமும் காக்கத் தொடங்கிவிட்டால், ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு விடை ‘எவ்வளவு தருவாய்?’ என்பதாகிவிடும்.

தோழர்களே! ஆராய்ச்சி நமக்கு அழகு. செயல் நமக்குக் கடமை. உங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலே எத்தனை விதக் குவளை இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊர்த் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போயிற்று, எந்தத் தெரு கடைசியில் நிற்கிறது என்று கணக்கெடுங்கள். கோடையிலே கட்சிக்கொடி கட்டித் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறீர்கள், நன்று. அந்தப் பந்தலை ஊர் நடுவில் மட்டுமன்றிச் சேரி வாசலிலும் திறவுங்கள். அங்கே பானையில் மொண்டு ஊற்றும் கை சேரியின் கையாக இருக்கட்டும். ஊரார் அதை வாங்கிக் குடிக்கட்டும்! குடிக்கத் தயங்குபவன் எவன் என்று அன்று தெரிந்துவிடும்.

தாகம் என்றாலும் சரி, விடாய் என்றாலும் சரி, வேட்கை என்றாலும் சரி. கேட்டவனின் குலத்தைக் கேட்காமல் தண்ணீரை நீட்டும் நாளில்தான் அச்சொற்கள் மூன்றுக்கும் ஒரே பொருள் உண்டாகும்.